வெள்ளிக்கிழமைத் தட்டு

நடந்தது இது:

1. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. திருவொற்றியூரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். காலை மாத்திரைகளை நர்ஸ் ஷாலினி கொடுத்தாள்.

2. பிலோமினா அம்மாவும் முனியம்மாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் சர்க்கரை நோய், இருவருக்கும் ஒரே மாத்திரை. முனியம்மாவுக்கு மட்டும் அளவு கொஞ்சம் கூடுதல்.

3. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பிலோமினா அம்மா நாற்காலியிலேயே சரிந்தார். வியர்வையில் புடவை தெப்பமாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரை நாற்பதுக்கும் கீழே.

4. ஷாலினி நரம்பில் ஊசி போட்டு குளுக்கோஸ் ஏற்றினாள். ஆம்புலன்ஸ் வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது.

5. எதற்கும் இருக்கட்டும் என்று முனியம்மாவுக்கும் சர்க்கரை பார்த்தார்கள். வழக்கத்தைவிட வெகு அதிகம்.

6. ஒருவருக்கு இறங்கியிருக்கிறது, இன்னொருவருக்கு ஏறியிருக்கிறது. ஆகவே ஷாலினி மாத்திரைக் கிண்ணங்களை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

7. மாலைக்குள் ஷாலினி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

இந்த ஏழில் ஆறு நடந்தவை. ஒன்று மட்டும் நினைத்தது. ஆறாவதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் மற்ற ஆறோடு அது அவ்வளவு ஒட்டிக்கொண்டு நிற்பதால், அதுவும் நடந்ததாகவே எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள இல்லங்களில் மருந்துப் பாதுகாப்பைக் கவனிக்க நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். இந்தப் பகுதியை மருந்தாளராக இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இந்த மாதத்தோடு உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். எந்த மருந்தை எப்படிச் சேமிப்பது, எதை எதோடு கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்; தெரியாவிட்டால் புத்தகத்தில் இருக்கிறது. எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்த பிறகு, உங்கள் கையெழுத்துக்காக மட்டும் காத்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பது புத்தகத்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு போன் வந்தது ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு. இல்லத்தின் உரிமையாளர் பேசினார். தெற்கிலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரத்தில் காலூன்றியவர். தன் அம்மாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள நல்ல இடம் கிடைக்கவில்லை என்று தானே ஒரு இல்லம் தொடங்கினார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார்.

"மேடம், கிண்ணம் மாறிட்டு. அந்தப் பிள்ளையை அனுப்பிட்டேன். நீங்க வந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தா சோலி முடிஞ்சுரும்."

"பிலோமினா அம்மா எப்படி இருக்காங்க அண்ணாச்சி?"

"கண்ணு முழிச்சுட்டாங்களாம். பேசுதாங்களாம். சாயங்காலமே கூட்டிட்டு வந்துரலாம்னு பாக்கேன். அங்க கூட்டம் தாங்கல, மகனும் கூட்டிட்டுப் போயிரலாம்னு சொல்லுதான்."

முதலில் செய்ய வேண்டியது எது? கையெழுத்தா, காரணமா? இரண்டும் இல்லை. பிலோமினா அம்மா இன்னும் ஆபத்தைத் தாண்டவில்லை. அவர் சாப்பிட்ட மாத்திரை வகை, வயதானவர்களின் உடம்பில் நெடுநேரம் தங்கி வேலை செய்யும். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறப்பார்கள், சிரிப்பார்கள், காபி கேட்பார்கள். சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும். அப்போது அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால், தூங்குகிறார் என்றுதான் நினைப்போம்.

மகனுக்கு போன் செய்தேன். பெயர் சேவியர், துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"இன்னாங்க மேடம், மாத்திரய மாத்திக் குடுத்துட்டு இப்ப போன் வேறயா?"

"கோவத்தை அப்புறம் படுங்க. இப்ப அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. சர்க்கரை மறுபடியும் இறங்கும். டியூட்டி டாக்டர்கிட்ட மாத்திரை பேரைச் சொல்லி, ராத்திரி முழுக்க வச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

"நல்லாத்தான் பேசிகினு கீது. பக்கத்து பெட்டுகாரம்மா கையில வம்பு இஸ்துகினு கீது."

"பேசட்டும். இருந்துட்டுப் போங்க. என் மேல நம்பிக்கை வேண்டாம், டாக்டரையே கேளுங்க."

அவர் கேட்டார். டாக்டரும் அதையே சொன்னார். மாலையில் சர்க்கரை மறுபடியும் இறங்கியது. ஆனால் அப்போது கையில் ஊசி இருந்தது, பக்கத்தில் நர்ஸ் இருந்தார். நீங்கள் எத்தனை விஷயங்களை மறந்தாலும் இந்த வரிசையை மறக்காதீர்கள்: யாருடைய தப்பு என்ற கேள்வி நாளைக்கும் இருக்கும். நோயாளி நாளைக்கும் இருப்பாரா என்பதுதான் இன்றைய கேள்வி.

மறுநாள் இல்லத்துக்குப் போனேன். அண்ணாச்சி, வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் டாக்டர், நான். மூவரும் உட்கார்ந்தோம். டாக்டர் பொறுமையானவர், தன் பங்கை மறைக்காதவர்.

"போன வாரம் நான்தான் பிலோமினா அம்மாவுக்கு டோஸைக் கூட்டினேன். காலைச் சர்க்கரை சில நாள் அதிகமா இருந்தது. ஒரு மில்லிகிராம்லேர்ந்து ரெண்டு. முனியம்மாவுக்கு மூணு. கிண்ணம் மாறியிருந்தா பிலோமினா அம்மாவுக்கு மூணு போயிருக்கும். ஒருத்தருக்கு லோ, ஒருத்தருக்கு ஹை. வேற எப்படிப் புரிஞ்சுக்கிறது?"

நியாயமான வாதம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கணக்கு ஓரிடத்தில் இடித்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் ஒன்று. வயிறு நிறைய இட்லி சாப்பிட்ட ஒருவரை அந்த ஒன்று மட்டும் நாற்பதுக்குக் கீழே இழுத்துப் போட்டுவிடுமா? இழுக்கவே இழுக்காது என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு சுலபமாக இழுக்காது. அதேபோல், ஒரே ஒரு வேளைக்கு ஒரு மில்லிகிராம் குறைந்ததற்கு முனியம்மாவின் சர்க்கரை அவ்வளவு உயரம் ஏறுமா? கிண்ணம் மாறியது என்ற காரணம், திசையைச் சரியாகச் சொன்னது, தூரத்தைச் சொல்லவில்லை.

ஒரு காரணம் கிடைத்ததும் அது பொருந்துகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அளவும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள்.

"எனக்கு ஒரு வாரம் வேணும்," என்றேன்.

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு வாரமா? மகன் ஸ்டேஷனுக்குப் போறேங்கான். அடுத்த சனிக்கிழமை வாரேன், எழுத்துல காரணம் வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். மத்த இல்லத்துக்காரங்களும் வாட்ஸ்அப் குரூப்புல என்ன என்னன்னு கேக்காங்க. நான் விஷயத்தைப் போட்டுட்டேன்."

"என்னன்னு போட்டீங்க?"

"நர்ஸு மாத்திரையை மாத்திட்டா, நீக்கியாச்சுன்னு."

அந்த குரூப்பில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்தப் பக்கத்து இல்லக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஷாலினிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் வீடு. அவள் வேலை தேடிப் போகக்கூடிய எல்லாக் கதவுகளும் அந்த ஒரு செய்தியில் சாத்தப்பட்டிருந்தன. நான் எழுதப்போகும் ஒரு வரி, சாத்திய கதவுக்குப் பூட்டுப் போடும். அவ்வளவுதான் விஷயம். பெரிய விஷயம்.

நான் எழுதிக் கொடுத்தது இது: காரணம் இன்னும் தெரியவில்லை, விசாரணை நடக்கிறது, பிலோமினா அம்மாவுக்கு அந்த மாத்திரை நிறுத்தப்படுகிறது. டாக்டர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே மேடம்," என்றார். ஆமாம், அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததும் ஒன்றும் இல்லை. தெரியவில்லை என்று எழுதுவதற்கு நம் ஆட்களுக்குக் கை வராது. படித்தது வீணாகிவிட்டதுபோல் தோன்றும். பழகிக்கொள்ளுங்கள். அது ஒரு முழு வாக்கியம்.

அன்று மதியம் கொருக்குப்பேட்டைக்குப் போய் ஷாலினியைப் பார்த்தேன். வீட்டுக்குள் அவளுடைய அம்மா இருந்ததால் வாசலுக்கு வந்து பேசினாள். சரக்கு ரயில் ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை இருவரும் சும்மா நின்றோம்.

"நீ தப்புப் பண்ணினியான்னு நான் கேட்கப் போறதில்ல," என்றேன். "அன்னைக்குக் காலையில என்ன பண்ணினன்னு மட்டும் சொல்லு."

"பேர் சொல்லிக் கூப்ட்டேன்க்கா. கிண்ணத்துல ஒட்டியிருக்கிற பேரைப் பார்த்தேன். கையில குடுத்தேன். வாயில போட்டு முழுங்குற வரைக்கும் அங்கயே நின்னேன். வாயைத் தொறக்கச் சொல்லிப் பார்த்தேன். டிக் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த பெட்டு."

"பிலோமினா அம்மா சாப்பிட்டாங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சாப்பாட்டு ரூமுக்குப் போனாங்க. சாப்ட்டிருப்பாங்க. அத்த நான் பாக்க மாட்டேன்க்கா, அப்ப நான் மேல் மாடில மாத்திரை குடுத்துகினு இருப்பேன்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, அண்ணாச்சி நேத்து போன் பண்ணாரு. தப்பு என்னுதுதான்னு எழுதிக் குடுத்துட்டா கம்ப்ளைன்ட் இல்லாம முடிச்சுடறேன்னாரு. எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே டவுட்டாக் கீது. நான்தான் மாத்திட்டனோ இன்னாவோ. எழுதிக் குடுத்துடவா?"

"மாத்தினது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"ஞாபகம் இல்லாததை எழுதாதே. பயத்துல எழுதற மன்னிப்புக் கடிதம் யாரையும் காப்பாத்தாது. அடுத்த வாரம் இன்னொருத்தர் மயங்கி விழுந்தா, காரணம் நமக்கு அப்பவும் தெரியாது."

அவள் எழுதவில்லை. அந்த ஒரு வாரம் அவள் வீட்டிலேயே இருந்தாள். தினமும் மாலையில் எனக்கு ஒரு செய்தி வரும்: "ஏதாச்சும் தெரிஞ்சுதாக்கா?" இல்லை என்று பதில் போடுவேன். ஆறுதலாக எதையும் சேர்த்ததில்லை. கையில் இல்லாத நம்பிக்கையை நான் யாருக்கும் தருவதில்லை.

ஆனால் அவள் சொன்னதில் எனக்கு வேண்டியது கிடைத்திருந்தது. மாத்திரை வாய்க்குள் போகும்வரை ஒரு நர்ஸ், ஒரு கையெழுத்து, ஒரு டிக், மாதாமாதம் ஒரு மருந்தாளர். அதற்குப் பிறகு நடப்பதை, அதாவது சாப்பாட்டை, பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. பரிமாறுகிறவர் தட்டை வைத்துவிட்டுப் போவார். கழுவுகிறவர் காலித் தட்டை எடுத்துப்போவார். நடுவில் யாரும் கிடையாது.

சரி, போய் உட்கார்ந்து பார்ப்பது. எப்போது? அதே கிழமையில். இது என் வழக்கம். இதற்கு ஆழமான காரணம் எதுவும் இல்லை. இந்த இல்லங்கள் கிழமையை வைத்து நடப்பவை. சமையல் கிழமைப்படி, டியூட்டி கிழமைப்படி, தண்ணீர் லாரி கிழமைப்படி. வெள்ளிக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் வேறொரு இல்லத்தைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டுக் கூடத்தில், ஓரமாக இல்லாமல் நடு மேசையிலேயே உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். பிலோமினா அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார், எதிரில் உட்கார்ந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடை தூக்கித் தெருத்தெருவாக விற்றவர். இப்போதும் குரல் நான்கு தெருவுக்குக் கேட்கும். அவர் பக்கத்தில் முனியம்மா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வந்தவர், மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் இருவருக்கும் பொழுது போகாது.

"இன்னா பாப்பா, உன் வூட்ல இட்லி இல்லியா? இங்க வந்து குந்திகினே?" என்றார் முனியம்மா.

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்மா."

"எங்கள இன்னாத்துக்குப் பாக்குற? நாங்க இன்னா பொருட்காட்சியா?"

"இவ மூஞ்சப் பாக்க டிக்கெட்டு வேற போடணுமா?" என்றார் பிலோமினா அம்மா. மேசையே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் பிலோமினா அம்மாவின் தட்டு, நான்கு இட்லியோடு, சாம்பார்கூடச் சிந்தாமல், முனியம்மா பக்கம் நகர்ந்தது. முனியம்மாவின் காலித் தட்டு இந்தப் பக்கம் வந்தது. எத்தனை வாரம் பழகிய கைகளோ! பார்த்துக்கொண்டே இருந்த நானே ஒரு கணம் நம்பவில்லை. பிலோமினா அம்மா டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார், சாப்பிட்டு முடித்தவர் துடைப்பதுபோல.

முனியம்மா என் பார்வையைக் கவனித்துவிட்டார். "இன்னா பாக்குற? எனக்குப் பசி ஜாஸ்தி."

நான் என் இட்லியைச் சாப்பிட்டு முடித்தேன். எல்லோரும் எழுந்து போன பிறகு, பிலோமினா அம்மாவின் கட்டிலுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரில் மாதா படம், அதன் கீழே ஜெபமாலை.

"ஏம்மா சாப்பிடல?"

"சாப்ட்டேனே."

"அம்மா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் அளந்தார். மீன் வாங்க வந்தவள் பேரம் பேசுவாளா மாட்டாளா என்று அளக்கும் பார்வை. பிறகு சொன்னார். "தவக்காலம் நடந்துகினு கீது. வெள்ளிக்கெழம ஒருசந்தி."

ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கும் விரதம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் மதியம்வரை அவருக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். இரவிலும் பேருக்கு ஏதோ கொறிப்பார்.

"யார்கிட்டயும் ஏன் சொல்லல?"

"சொன்னா வுடுவீங்களா? டாக்டரு வாணான்னாரு. என் புள்ள வாணான்னான். சர்ச்சு சாமியாரே, வயசானவங்களுக்கு ஒருசந்தி இல்ல, நீ துன்னு பாட்டின்றாரு. எல்லாரும் வாணான்னா நான் யாராண்ட போயி கேக்கறது? பத்து வயசுல புடிச்சது. கூடயத் தலையில வச்சுகினு ஊரெல்லாம் சுத்தி வித்தப்போவே இருந்தேன். அப்ப வராத மயக்கம், சொம்மா குந்திகினு இருக்கறப்ப வருதா?"

"அப்ப இந்த மாத்திரை இல்லம்மா. இது சாப்பாட்டை நம்பிப் போடற மாத்திரை. சாப்பாடு உள்ள வரலன்னா, இருக்கறதையும் இறக்கிடும்."

"அத்த யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. உண்மை.

"சரி, விரதம் இருக்கறவங்க மாத்திரையையும் விட்டிருக்கலாமே? அதை மட்டும் ஏன் போட்டுக்கிட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "மாத்திர போடலன்னா உடனே என் புள்ளக்கி போன் பண்ணிடுவீங்க. இட்லி துன்னலன்னா எவன் கேட்டான்?"

உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய பாடம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நாம் காவல் காத்த இடத்தில் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒழுங்காக வாயைத் திறந்து காட்டினார். நம் கண் படாத இடத்தில் தன் வழியைப் பார்த்துக்கொண்டார். நமது கெடுபிடிதான் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை அவர் விழுங்கும்படி செய்தது. முந்தைய வாரங்களில் பாதி அளவு மாத்திரை என்பதால் ஏதோ தாக்குப்பிடித்தார். அளவு கூடிய முதல் வெள்ளிக்கிழமையில் சரிந்துவிட்டார். முனியம்மா எட்டு இட்லி சாப்பிட்டார், சர்க்கரை ஏறியது. கிண்ணம் மாறவே இல்லை. தட்டுதான் மாறியது.

எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அப்படியே அண்ணாச்சி அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது பிலோமினா அம்மாவின் விஷயம். அவர் அறுபது வருடத்துக்கு மேலாகக் காப்பாற்றி வந்தது, என்னை நம்பி இப்போது சொன்னது. அதே நேரம், ஒரு பெண்ணின் பிழைப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு இரண்டு குறுக்கு வழி தெரியும்: ஒருவரை மறைத்து இன்னொருவரைக் கைவிடுவது, அல்லது ஒருவரைக் காட்டிக்கொடுத்து இன்னொருவரைக் காப்பாற்றுவது. இரண்டும் வேண்டாம். எதிரில் இருப்பவரிடம் முழு விலையையும் சொல்லுங்கள். வயதானவர் என்பதால் பாதியை மறைக்காதீர்கள்.

"அம்மா, ஷாலினி எங்கன்னு தெரியுமா?"

"லீவுல போய்க்கீறான்னாங்க."

"லீவு இல்ல. உங்களுக்கு மாத்திரையை மாத்திக் குடுத்துட்டான்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. வேற எங்கயும் வேலை கிடைக்காத மாதிரி எல்லாருக்கும் சொல்லியாச்சு. நாளைக்கு சேவியர் வந்ததும் போலீசுக்குப் போகலாம்னு இருக்காரு."

பிலோமினா அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "எவன்டா அவன், அந்தப் பொண்ணு மேல பழிய போட்டவன்? ஊசி குத்தி என்னை எழுப்புனதே அவதானாமே! ஆஸ்பத்திரில டாக்டரு சொன்னாரே!"

"நான் உண்மையைச் சொல்லணும்மா. சொன்னா உங்க ஒருசந்தி எல்லாருக்கும் தெரிஞ்சுடும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நீ இன்னாத்துக்கு சொல்றது? எனக்கு வாயில்லியா?"

சனிக்கிழமை மாலை சேவியர் வந்தார். எண்ணூரில் டிரெய்லர்களோடு வரிசையில் நின்று சரக்கு இறக்கிவிட்டு, குளிக்காமல் நேராக வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அண்ணாச்சி, டாக்டர், நான் எல்லோரும் இருந்தோம். அவர் பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் பிலோமினா அம்மா தொடங்கிவிட்டார்.

"டேய், அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. நான்தான் துன்னல."

"இன்னாது?"

"ஒருசந்திடா. இட்லிய இவளாண்ட தள்ளிட்டேன்."

சேவியர் முனியம்மாவைப் பார்த்தார். முனியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "குடுத்தா. துன்னேன். வீணாக்கச் சொல்றியா?"

"எம்மா, உனக்கு எத்தினி தபா சொல்லிக்கீறேன்! துன்னாம மாத்திர மட்டும் போட்டுகினியா? செத்துப் போயிருந்தா?"

"செத்தா சாவறேன். அதுக்குன்னு ஊரான் வூட்டுப் பொண்ண ஜெயிலுக்கு அனுப்புவியா? போடா, போயி அதுகிட்ட மன்னிப்புக் கேளு."

"நானா? நீ பண்ணதுக்கு நானா?"

"கத்துனது யாரு? நீதானே?"

சேவியர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, மெதுவாக, "ஒருசந்தி இருக்காதன்னு நான் சொன்னதாலதான் மறச்சிதா மேடம்?" என்று கேட்டார்.

"நாங்க எல்லாரும் சொன்னதாலதான்," என்றார் டாக்டர். நான் மதிக்கும் பதில்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு அவர் பேசியது பிலோமினா அம்மாவிடம் மட்டும். "அம்மா, இருக்காதீங்கன்னு இனிமே சொல்ல மாட்டேன். இருக்கப் போறீங்கன்னா முன்னாடியே என்கிட்டச் சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரி மருந்து எழுதறேன். மயக்கமா இருந்தா உடனே சர்க்கரைத் தண்ணி குடிச்சிடணும், அப்ப விரதம் கிரதம் பார்க்கக் கூடாது. சரியா?"

"இப்புடிக் கேட்டா நான் ஏன் மறைக்கப் போறேன்?" என்றார் அவர்.

அடுத்தது அண்ணாச்சி. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: எந்த குரூப்பில் போட்டீர்களோ அதே குரூப்பில், அதே அளவு தெளிவாக, ஷாலினி மேல் தப்பில்லை என்று போட வேண்டும். தனித்தனியாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். முடியாது என்றேன். கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "என்ன எழுதணும், சொல்லுங்க மேடம்," என்றார். இரண்டு வரி சொன்னேன். மூன்றாவது வரியை அவராகவே சேர்த்துக்கொண்டார்: அவசரப்பட்டது என் தப்பு. அதைப் போட்டுவிட்டு ஷாலினிக்கும் போன் செய்தார், ஸ்பீக்கரில், எங்கள் எல்லோர் முன்னிலையிலும்.

"யம்மா ஷாலினி, திங்கக்கிழமை வந்துரு தாயி."

 அவள் சொன்னாள்: "தேங்க்ஸ் அண்ணாச்சி. நான் வர்ல."

அவர் இன்னொரு முறை கேட்டார். அவள் இன்னொரு முறை அதையே சொன்னாள், குரலை உயர்த்தாமல். நான் குறுக்கே பேசவில்லை. அவளுக்கு நியாயம் வாங்கித் தருவது என் வேலை. அதை எங்கே போய் அனுபவிப்பது என்பது அவள் முடிவு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் இருக்கிறார்கள், ஆடி வெள்ளிக்குச் சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள், சனிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மகன் பார்க்க வராத கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். யாரையும் அதட்டிக் கேட்காதீர்கள். அதட்டினால் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். "இந்த மாசம் என்னைக்கெல்லாம் சாப்பிட மாட்டீங்க?" என்று, தேதி குறிப்பதுபோல், சாதாரணமாகக் கேளுங்கள். சொல்லிவிடுவார்கள்.

இப்போதைய நிலவரம்: அந்த இல்லத்தில் சர்க்கரையை இறக்கும் மாத்திரைகளைச் சாப்பாட்டுக் கூடத்திலேயே, தட்டில் முதல் இட்லி காலியான பிறகுதான் கொடுக்கிறார்கள். மற்ற இல்லங்களில் பாதிப் பேர் இதைப் பின்பற்றுகிறார்கள், மீதிப் பேரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிலோமினா அம்மாவுக்கு வேறு வகை மருந்து. இந்தத் தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருந்தார், டாக்டருக்குத் தெரிந்து, மயக்கம் வரவில்லை. முனியம்மாவுக்கு ஒரு தட்டு மட்டும்தான், அதில் அவருக்கு இன்னும் என் மேல் கோபம். ஷாலினி எண்ணூரில் வேறொரு இல்லத்தில் காலை டியூட்டி பார்க்கிறாள். அவள் பெயரில் எங்கும் எந்தப் புகாரும் இல்லை.